அலுமினியமா, ஃபைபரா? ஒரு மீன்பிடிப் படகின் கதை

அமெரிக்காவுல சின்ன மீன்பிடிப் படகு வாங்கப் போற யாரும் முதல்ல மாட்டிக்கிற கேள்வி: அலுமினியமா, ஃபைபரா? நம்ம பட்டினப்பாக்கம் கரையில போய்ப் பாருங்க, அந்தக் கேள்வியே இல்ல. வரிசையா ஃபைபர் போட்டுதான். அங்க ரெண்டு, இங்க ஒண்ணு. ஏன் இப்படி ஆச்சு? அதுதான் இன்னைக்கு எபிசோட்.

ரெண்டு பொருளையும் படகுக்குள்ள தள்ளிவிட்டது இரண்டாம் உலகப் போர். நியூயார்க் பக்கம் லாங் ஐலண்ட்ல கிரம்மன்னு ஒரு விமானக் கம்பெனி. போர்ல அமெரிக்கக் கடற்படைக்காக 12,000க்கும் மேல ஹெல்கேட் சண்டை விமானங்களைச் செஞ்சவங்க. அங்க பெரிய பொறுப்புல இருந்த வில்லியம் ஹாஃப்மன், 1944ல அடிராண்டாக் மலைப்பகுதிக்கு விடுமுறைக்குப் போறார். ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு, கனமான மர கனூவைத் தோள்ல சுமக்கணும். விமானத் தகட்டுலயே இதைச் செய்யலாமேன்னு அவருக்குத் தோணுது. 1945ல போர் முடிஞ்சு விமான ஆர்டர்கள் சரிஞ்சப்போ, கிரம்மன் அலுமினிய கனூ செய்ய ஆரம்பிச்சது. 1948ல மினசோட்டாவுல ஹோவர்ட் லண்ட் அலுமினியப் படகு கட்டினார். ஏரி மீன்பிடிக்காரங்க அலுமினியத்தை அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க.

ஃபைபர் கதை ஒஹாயோவுல. 1930கள்ல கண்ணாடியை நூல் மாதிரி இழுக்குற வழி அங்க கிடைச்சது. 1942ல ரே கிரீன், கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்த்து ஒரு சின்ன பாய்மரப் படகு செஞ்சார். போர்க்காலத்துல விமானத்தோட ரேடாரை மூடுற கூடுக்கும் இதே கலவை போச்சு. 1961ல பாஸ்டன் வேலர் நிறுவனர் டிக் ஃபிஷர், தன் ஃபைபர் படகுல உட்கார்ந்தபடியே அதை ரெண்டா அறுக்க வெச்சார். உள்ள ஃபோம் அடைச்சிருந்ததால மூழ்கல. லைஃப் பத்திரிகையில படம் வந்துச்சு. அதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா?

சரி, எது பெட்டர்? பாறையில இடிச்சா அலுமினியம் நசுங்கும், ஃபைபர் விரிசல் விடும். அலுமினியம் லேசு, இழுத்துட்டுப் போக சுலபம். ஆனா உப்புத்தண்ணியில செம்பு, பித்தளை மாதிரி உலோகம் பக்கத்துல இருந்தா அரிச்சுடும். ஃபைபர் துருப்பிடிக்காது. அச்சுல வார்க்கிறதால நினைச்ச வளைவு வரும், அலையில தடதடப்பு குறையும்.

இப்ப நம்ம கரைக்கு வருவோம். இங்க பல ஊர்ல துறைமுகம் கிடையாது. அலையைத் தாண்டி வந்து மணல்லயே ஏறணும். அதுக்குன்னே பொறந்தது கட்டுமரம். 2004 டிசம்பர் 26 சுனாமியில ஆயிரக்கணக்கான படகுகள் போன பிறகு, நிவாரணமா வந்தது பெரும்பாலும் ஃபைபர் போட். காரணம் எளிமை. ஒரு அச்சு, ஒரு கொட்டகை, ரெசின், கண்ணாடி இழைப் பாய், பிரஷ், ரோலர் போதும், அடுத்தடுத்து போட் வரும். ஓட்டை விழுந்தா ஊர்லயே ஒட்டிக்கலாம். அலுமினியத்துக்கு கடலுக்கு ஏத்த தகடு வேணும், ஆர்கான் கேஸ் வேணும், பழகின வெல்டர் வேணும். குப்பத்துல இதையெல்லாம் ராத்திரியோட ராத்திரியா எங்க தேடுறது?

அதனால ஃபைபர் ஜெயிச்சதுல ஆச்சரியம் இல்ல. ஆனா இதுக்கு ஒரு பில் பாக்கி இருக்கு. கட்டுமரத்துல ஒரு கட்டை உளுத்தா அதை மட்டும் மாத்தலாம், மிச்சம் அடுப்புக்குப் போகும். பழைய அலுமினியப் படகை காயலான் கடையில போட்டா காசு வரும். இறுகிப்போன ரெசினைத் திரும்ப உருக்க முடியாது. எடைக்கு வாங்க ஆள் இல்ல, எரிச்சா நச்சுப் புகை. சுனாமிக்கு அப்புறம் வந்த போட்டுகளுக்கு வயசாகிட்டு வருது. செத்த போட்டை அப்புறப்படுத்துற செலவு மீனவர் தலையில விழுது, இல்லேன்னா கடற்கரை தலையில.

படகைக் கொடுக்கிற அரசும் தொண்டு நிறுவனமும் விலை, வேகம், பழுது பார்க்கிற வசதின்னு மூணையும் பார்க்குறாங்க. நாலாவதா, ஆயுசு முடிஞ்சா இது எங்க போகும்னும் கேட்கணும். அந்தப் பதிலையும் படகோட விலையிலயே சேர்க்கணும்.