கோப்பி வடித்தற் கலையின் வரலாறு

மன்னரின் போர்களும் அரசுகளின் உடன்படிக்கைகளும் மட்டுமே வரலாறாகா. மக்கள் எதனை உண்டனர், எதனைப் பருகினர், அதனை எவ்வாறு ஆக்கினர் என்பனவும் வரலாற்று மாணவனின் ஆராய்ச்சிக்கு உரியனவே. கோப்பியைப் பற்றி நாம் பாடசாலையிற் கற்பது பெரும்பாலும் அதன் பயிர்ச்செய்கையும் ஏற்றுமதியுமாகும். வறுத்துப் பொடித்த கொட்டையிலிருந்து நல்ல பானத்தைக் கையினாற் பெறும் முறைகள் எவ்வாறு வளர்ந்தன என்பது அந்த அளவுக்கு அறியப்படாதது. அம்முறைகளின் வளர்ச்சியையும், அவ்வளர்ச்சிக் காலத்தில் நமது மலைநாடு பெற்ற இடத்தையும் எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பி ஆக்கும் முறைகள் பலவாயினும் அவற்றை மூன்று வகையுள் அடக்கலாம். தூளை நீருடன் சேர்த்துக் காய்ச்சுதல் ஒன்று. சுடுநீரில் ஊறவைத்துப் பின் மண்டியை நீக்குதல் மற்றொன்று. தூளின்மேல் நீரை ஊற்றிச் சொட்டுச் சொட்டாக வடியவிடுதல் மூன்றாவது. இம்மூன்றும் ஒரே வினாவுக்கு எழுந்த விடைகளாகும். வறுத்த கோப்பித்தூளின் நிறையில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கே நீரிற் கரையக்கூடியது. அப்பங்கு முழுவதும் விரும்பத்தக்கதன்று. மணமும் புளிப்பும் தரும் பொருள்கள் விரைந்து கரைவன. கசப்பும் துவர்ப்பும் தருவனவற்றுட் பல பிந்திக் கரைவன. ஆகவே, கொட்டையிலிருந்து எவ்வளவை எடுப்பது, எவ்வளவை விட்டுவிடுவது என்பதே அவ்வினா. கோப்பி வடித்தலின் வரலாறு இவ்வினாவின் வரலாறேயாம்.

அராபிக்கா எனப்படும் கோப்பிச்செடியின் தாயகம் எதியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகள். அதனைப் பானமாக்கிப் பருகும் வழக்கம் 15 ஆம் நூற்றாண்டில் யேமன் நாட்டுச் சூபி ஞானியரிடையே உறுதியாகக் காணப்படுகின்றது. இரவு முழுதும் விழித்திருந்து இறைவனை நினைப்பதற்கு அஃது அவர்க்குத் துணையாயிற்று. 16 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கொன்ஸ்தாந்திநோபிள் நகரிற் கோப்பிக்கடைகள் தோன்றிவிட்டன. எதியோப்பியர் நீண்ட கழுத்துடைய மட்கலத்திலும், துருக்கியர் கைப்பிடி நீண்ட சிறு செப்புக்கலத்திலும் கோப்பியைக் காய்ச்சினர். துருக்கிய முறையில் மா போன்று நுண்ணிதாக அரைத்த தூள் நீரோடு சேர்த்து மெல்லெனச் சூடாக்கப்படும். நுரை மேலெழுந்ததும் கலம் இறக்கப்படும். மண்டியோடு கிண்ணத்தில் ஊற்றி, அது படிந்தபின் பருகுவர். இங்கு மண்டி பிரிக்கப்படுவதில்லை, படிவதற்கு விடப்படுகின்றது. காலத்தால் முற்பட்ட இம்முறை வழக்கொழிந்ததன்று. துருக்கியரின் கோப்பிப் பண்பாட்டினை 2013 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மானுடத்தின் அருவ மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

17 ஆம் நூற்றாண்டிற் கோப்பி மேற்கு ஐரோப்பாவில் வேரூன்றியது. இலண்டன் மாநகரின் முதற் கோப்பிக்கடை 1652 ஆம் ஆண்டளவில் திறக்கப்பெற்றது. ஐரோப்பியர் கீழ்நாட்டிலிருந்து கொட்டையைப் பெற்றதுபோலவே காய்ச்சும் முறையையும் பெற்றனர். ஆயின் கிண்ணத்தில் மண்டி கிடப்பதை அவர்கள் விரும்பவில்லை. அதனை அடியிற் படியச்செய்தற்கு மீன்பசையையும் முட்டை வெண்கருவையும் பயன்படுத்தினர். 18 ஆம் நூற்றாண்டிற் பிரான்சு நாட்டில் தூளைத் துணிப்பையில் இட்டுச் சுடுநீரில் ஊறவைக்கும் வழக்கம் பரவியது. காய்ச்சுதலிலிருந்து ஊறவைத்தலுக்கு மாறிய இம்மாற்றம் சிறிதெனத் தோன்றினும், தூளும் கொதிக்கும் நீரும் நெடுநேரம் கூடியிருத்தல் வேண்டா என்னும் உணர்வின் தொடக்கம் இதுவே எனலாம்.

அடுத்த படி 1800 ஆம் ஆண்டை ஒட்டிப் பாரிசில் எடுத்துவைக்கப்பட்டது. ஒன்றன்மேலொன்றாக அமைந்த இரு கலங்கள். மேற்கலத்தின் அடியில் நுண்துளைகள். அதிலே தூளையிட்டுச் சுடுநீர் ஊற்றினால் தெளிந்த சாறு கீழ்க்கலத்தில் இறங்கும். இக்கருவி பின்னாளிற் பாரிசின் பேராயராக விளங்கிய தெ பெல்லுவா என்பவரின் பெயரால் வழங்கலாயிற்று. உணவுக்கலை அறிஞராகிய பிரியா சவரென் 1825 ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், பல முறைகளையும் சோதித்தபின் இதனையே சிறந்ததெனக் கொண்டார். தென்னிந்திய வீடுகளில் வழங்கும் இரண்டடுக்குப் பித்தளை வடிகலமும் இதே தத்துவத்தில் இயங்குவதே.

இக்கலையை விஞ்ஞான முறைப்படி ஆராய முற்பட்டவர்களுள் றம்போட் பிரபு என வழங்கப்பெற்ற பெஞ்சமின் தொம்சன் முதன்மையானவர். வெப்பத்தின் இயல்பு பற்றிய ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற அவர், கோப்பியின் சிறப்பும் அதனை ஆக்கும் கலையும் பற்றி 1812 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கோப்பியைக் கொதிக்கவைத்தால் வீடெங்கும் மணம் பரவுதலை மக்கள் நல்லதற்கு அறிகுறியாகக் கொள்வர். றம்போட் அதனை இழப்புக்கு அறிகுறியாகக் கொண்டார். காற்றிற் கலந்த மணம் கிண்ணத்துக்கு வாராதன்றோ? எனவே தூளைச் சமமாகப் பரப்பி மெல்ல அழுத்தவேண்டும், நீரை அதனூடாக வடியவிடவேண்டும், வடியுங்கால் வெப்பம் குன்றாதிருக்கக் கலத்தைச் சுடுநீர் உறையாற் சூழவேண்டும் என அவர் வகுத்தார். கருவிகள் பல மாறியபோதும் அவர் கூறிய நெறிகள் பெரிதும் மாறவில்லை.

தொடர்ந்து புதிய கருவிகள் பெருகின. 1830களிலும் 1840களிலும் யேர்மனியிலும் பிரான்சிலும், நீராவியின் அழுத்தத்தால் நீரை மேற்கலத்துக்கு ஏற்றிப் பின் வெற்றிடத்தின் இழுப்பால் கீழே வடிக்கும் கண்ணாடிக் கலங்கள் செய்யப்பட்டன. 1852 ஆம் ஆண்டில், ஊறிய தூளைத் தட்டொன்றினால் அமிழ்த்திப் பிரிக்கும் கருவிக்குப் பிரான்சில் ஆக்கவுரிமை வழங்கப்பெற்றது. ஆயினும் புதியன யாவும் வளர்ச்சியாகிவிடா. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிற் பரவிய ஒரு வகைக் கலம், வடிந்த கோப்பியையே மீண்டும் மீண்டும் கொதிக்கவைத்துத் தூளின்மேல் ஏற்றியது. றம்போட் விலக்கிய குற்றமே அங்குப் புதுவடிவம் பெற்றது.

இவ்வாறு ஐரோப்பியரின் சமையலறைகளிற் கருவிகள் பெருகிய காலத்தில், அவற்றில் இடப்பெற்ற கொட்டை எங்கிருந்து வந்தது? இவ்வினா நம்மை இலங்கைக்குக் கொண்டுவருகின்றது. ஆங்கிலேயர் வருமுன்னரே இத்தீவிற் கோப்பிச்செடி இருந்தது. சிங்கள மக்கள் அதன் இளந்தளிரைக் கறிக்கும் பூவைக் கோயில் வழிபாட்டுக்கும் பயன்படுத்தினர் என, 1859 ஆம் ஆண்டில் இலங்கை பற்றி விரிவாக நூலெழுதிய எமர்சன் தெனன்ற் குறிப்பிடுகின்றார். 1820களிற் கம்பளைக்கு அருகில் ஜோர்ஜ் பேட் என்பவரும், கன்னொறுவையில் தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் என்பவரும் பெருந்தோட்டங்களைத் தொடங்கினர். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும் அங்குக் கோப்பி உற்பத்தி வீழ்ந்தது. 1835 ஆம் ஆண்டில் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் பிரித்தானியாவில் இறக்குமதித் தீர்வை சமமாக்கப்பட்டது. இவ்விரு காரணங்களாலும் கண்டி மலைநாட்டுக் காடுகள் விரைந்து தோட்டங்களாயின. 1867 ஆம் ஆண்டிற் கண்டிவரை புகைவண்டிப்பாதை சென்றதும் பெரிதும் கோப்பியின் பொருட்டே. 1870 ஆம் ஆண்டளவில் ஏற்றுமதி பத்து இலட்சம் அந்தர் அளவை எட்டியது. இதில் ஒரு கணிசமான பகுதி கிராமத்துச் சிங்கள மக்கள் தம் வீட்டுத்தோட்டங்களில் விளைத்ததாகும்.

பெருந்தோட்டங்களிற் காடுவெட்டியவரும் பழம் பறித்தவரும் பெரும்பாலும் தமிழரே. மதுரை, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலிருந்து அவர்கள் இராமநாதபுரக் கடற்கரையை அடைந்து, தோணியிற் கடல் கடந்து, மன்னாரிலிருந்து வடபாதை வழியே காடுகளினூடாக மாத்தளைவரை நடந்தே சென்றனர். கங்காணி முன்செல்ல, கைக்குழந்தைகளோடும் சென்றவர் உளர். வாந்திபேதியாலும் பசியாலும் குடிநீரின்மையாலும் வழியிலேயே மாண்டவர் பலர். பாரிசிற் கருவி செய்தோரின் பெயர்கள் ஆக்கவுரிமை ஏடுகளில் உள்ளன. வடபாதையில் வீழ்ந்தோரின் பெயர்கள் எவ்வேட்டிலும் இல்லை. கோப்பியின் வரலாற்றை எழுதப்புகுவோர் கலத்தைக் கூறிக் கையை மறத்தல் முறையன்று.

1869 ஆம் ஆண்டில் இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்ததுபோன்ற ஒரு நோய் இலங்கைத் தோட்டங்களிற் காணப்பட்டது. ஆராய்ந்தோர் அதனை ஒரு பங்கசு எனக் கண்டு, எமிலேயா வசுத்தாத்திரிக்சு எனப் பெயரிட்டனர். 1880 முதல் 1882 வரை இங்குத் தங்கி ஆராய்ந்த மார்ஷல் வாட், அதன் வித்திகள் காற்றாற் பரவுதலை விளக்கினார். தோட்டங்கள் இடைவெளியின்றி ஒரே பயிரால் நிரம்பியிருந்தமையே நோய் பரவுதற்கு வாய்ப்பளித்தது எனவும் காட்டினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. நூற்றாண்டு முடியுமுன் கோப்பித் தோட்டங்கள் தேயிலைத் தோட்டங்களாயின. கோப்பிக்கென வந்த மக்களும் அவர்தம் வழிவந்தோரும் தேயிலையின் உழைப்பாளராயினர்.

உலகெங்கும் பயின்றுவரும் வடிதாள் முறை பிறந்தது, ஆராய்ச்சிச்சாலையிலன்று. ஒரு குடும்பப் பெண்ணின் அடுக்களையிலாகும். யேர்மனியின் திரெஸ்டன் நகரில் வாழ்ந்த மெலிற்றா பென்ற்ஸ் என்னும் பெண்மணி, கோப்பியின் கசப்பும் கிண்ணத்தில் எஞ்சிய மண்டியும் கண்டு சலிப்புற்றார். பித்தளைப் பாத்திரமொன்றின் அடியில் ஆணியால் துளைகளிட்டு, தம் மகனின் பாடசாலைக் கொப்பியிலிருந்த ஒற்றுத்தாளை அதனுள் விரித்து, தூளையிட்டு நீரை ஊற்றினார். தெளிந்த, கசப்புக் குறைந்த கோப்பி இறங்கிற்று. 1908 ஆம் ஆண்டில் அவர் அதனைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு இலைப்சிக் சந்தையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வடிகலங்கள் விற்பனையாயின. தாளால் வடித்தலில் அவர் அறியாத வேறொரு நன்மையும் இருந்தது. காய்ச்சிய கோப்பியில் இரத்தத்தின் கொலத்தரோலைக் கூட்டும் எண்ணெய்ப் பொருள்கள் உள்ளன என்பதும், தாள் அவற்றின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றது என்பதும் 20 ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் நிறுவப்பெற்றன.

பின்வந்தோர் இம்முறைக்கு மெருகூட்டினர். 1941 ஆம் ஆண்டில் பீற்றர் சிலும்போம் என்னும் இரசாயன அறிஞர், ஆய்வுகூடக் குடுவையையும் புனலையும் இணைத்து ஒரே கண்ணாடிக் கலமாக்கினார். 1950களில் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஏர்ணஸ்ற் லொக்காட் பழைய வினாவுக்கு எண்ணாலான விடை தந்தார். தூளின் நிறையில் நூற்றுக்கு 18 முதல் 22 பங்குவரை கரைந்துவரின் பானம் சுவையுடையதாகும் என்றும், அதனிற் குறைந்தால் சாரமற்றுப் புளிக்கும், மிகுந்தால் கசக்கும் என்றும் அவர் ஆய்வு காட்டிற்று. எடுக்கக்கூடிய யாவற்றையும் எடுத்துவிடாது, மூன்றிலொரு பகுதியை மண்டியிலேயே விட்டுவிடுதல் வேண்டும் என்பது இதன் பொருளாகும்.

இவ்வரலாற்றிலிருந்து நம் வீடுகளுக்குக் கிடைக்கும் பயன் யாது? யாழ்ப்பாணத்தில் கோப்பிக் கொட்டையை மல்லியோடும் சுக்கோடும் வறுத்து, உரலில் இடித்து, கொதிநீரிலிட்டு, மண்டி படிந்தபின் மூக்குப்பேணியில் வார்த்தருந்தும் வழக்கம் நெடுநாளையது. அது தனக்கென ஒரு சுவையுடையது, அதனைக் கைவிடவேண்டியதில்லை. கோப்பியின் தனிச்சுவையை நாடுவோர் சில நெறிகளைக் கைக்கொள்ளலாம். கொட்டையை அவ்வப்போது அரைத்தல் நன்று. பொடித்து வைத்த தூளின் மணம் விரைவில் நீங்கும். ஓர் இலீற்றர் நீருக்கு 55 முதல் 60 கிராம்வரை தூள் போதும். நீர் கொதித்தபின் சிறிது ஆறவிட்டு, 92 முதல் 96 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஊற்றவேண்டும். முதலில் தூள் நனையுமளவே ஊற்றி, அரை நிமிடம் பொறுத்தல் வேண்டும். வறுத்த கொட்டையில் அடங்கியிருக்கும் கரியமிலவாயு வெளியேறியபின்னரே நீர் தூளிற் சீராகப் புகும். மீதி நீரைச் சிறிது சிறிதாக வட்டமிட்டு ஊற்றினால், மூன்று நான்கு நிமிடத்தில் வடிந்து முடியும். விரைந்து வடிந்து சுவை மெலிந்தால் தூளை நுண்ணிதாக்குக. தேங்கி வடிந்து கசந்தால் சற்றுப் பருமனாக்குக. இவற்றிற்கு விலையுயர்ந்த பொறி வேண்டியதில்லை. ஒரு புனலும் ஒரு தாளும், தாளில்லையேல் தூய துணியும் போதும்.

கண்டி, மாத்தளைப் பகுதிகளின் வீட்டுத்தோட்டங்களிற் கோப்பிச்செடிகள் இன்றும் காய்க்கின்றன. ஒரு கைப்பிடிக் கொட்டையின் பின்னே நடுதலும் பறித்தலும் உலர்த்தலும் தெரிதலுமாகிய பலருடைய உழைப்பு நிற்கின்றது. கடைசிச் செயலாகிய வடித்தல் ஒன்றே நம் கையில் உள்ளது. கவனமின்றி அதனைக் கொதிக்கவிட்டுக் கெடுப்பவன் தன் பானத்தோடு பிறர் உழைப்பையும் வீணாக்குகின்றான். அளவறிந்து, பொறுமையோடு வடித்தல் நாவின்பத்திற்கு மட்டுமன்றி, அவ்வுழைப்புக்கு நாம் செய்யும் மதிப்புமாகும். மலைநாட்டின் கோப்பிக் காலத்தை ஆராய விழையும் மாணவர், ஏற்றுமதிப் புள்ளிகளை நோக்குவதோடு வடபாதையில் நடந்த மக்களின் கதையையும் தேடித் தொகுக்க முன்வருவாராக.