பதிவேட்டில் மாறிய பெயர்கள்

பெயரை ஒருவனின் சொந்த உடைமையாகவே நாம் எண்ணி வந்துள்ளோம். ஆனால், யாழ்ப்பாணக் குடாநாட்டில் தம் முன்னோரின் வரலாற்றைத் தேடப் புகுவோர், அப்பெயரை ஏட்டில் எழுதிய கை பிறிதொருவருடையது என்பதை விரைவிலேயே கண்டுகொள்வர். எழுத்து வேறுபாடுகளை எழுதுவோரின் கவனப்பிசகு என்று ஒதுக்குதல் எளிது. ஆயினும் அவ்வேறுபாடுகளில் நமது சமுதாய வரலாறே பொதிந்து கிடக்கின்றது.

முதலில் நம் மரபை நோக்குவோம். தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப்பெயர் நம்மிடையே இருந்ததில்லை. தந்தையின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாக நிற்கும். பேரனிடத்தில் அது மறைந்துவிடும். மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட அ. பொன்னம்பலத்தின் மக்கள் குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் ஆகிய மூவர். பாட்டனின் பெயரே பேரன் அருணாசலத்துக்கு மீண்டும் வந்தது. 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை மேற்பார்வை செய்தவரும் அவரே. இந்த முறையை அறியாத அந்நிய அதிகாரி, தந்தையையும் மகனையும் வெவ்வேறு குடும்பத்தவராகவே கருதியிருப்பான்.

1619 இல் போத்துக்கேயரும், 1658 இல் ஒல்லாந்தரும், 1795 இல் ஆங்கிலேயரும் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். ஒவ்வொருவரும் தத்தம் செவிக்கு எட்டியவாறே நம் சொற்களை எழுதினர். வட்டுக்கோட்டை அவர்கள் ஏடுகளில் ‘பட்டிக்கோட்டா’ ஆயிற்று. ஒல்லாந்தர் நிலங்களைத் தோம்புகளிற் பதிந்தனர்; ஞானஸ்நானமும் விவாகமும் பள்ளிக்கூடத் தோம்புகளில் ஏறின. பதவிக்காகவும் உரிமைக்காகவும் ஞானஸ்நானம் பெற்றவனுக்குத் தோம்பில் ஒரு பெயரும் வீட்டில் வேறொரு பெயரும் வழங்கின.

1816 இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். மாணவரின் செலவை ஏற்ற அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் மாணவருக்குச் சூட்டப்பெற்றன. சதாசிவம்பிள்ளை ஆர்னோல்ட் ஆனார். சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். விசுவநாதபிள்ளை கறல் ஆனார். கல்விக்குரிய விலையின் ஒரு பகுதி பெயராலும் செலுத்தப்பட்டது எனலாம்.

ஆங்கில எழுத்தும் தன் பங்கைச் செய்தது. செல்லையாவின் மூத்த மகன் ‘எஸ்’ எழுத்திலும் இளைய மகன் ‘சி’ எழுத்திலும் தந்தையின் பெயரைத் தொடங்கலாம். குமாரசுவாமி ‘கே’ வரிசையிலும் ‘சி’ வரிசையிலும் காணப்படலாம். அகரவரிசையில் ஓரிடத்தை மட்டும் புரட்டுவோர் தம் பாட்டனைத் தவறவிடுவர்.

குற்றம் முழுவதையும் அந்நியர் தலையிற் சுமத்துதல் நேர்மையாகாது. இலங்கையில் அடிமைமுறை 1844 இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும் சாதி ஆதிக்கம் பெயர்களைக் குறுக்கிக்கொண்டேயிருந்தது. கந்தசாமி என்று பெயர் சூட்ட விரும்பிய தந்தைக்குக் கந்தன் என்பதே போதும் என்று ஊரார் விதித்தனர். ‘பிள்ளை’ என்ற விகுதி சிலருக்கு உரிமை, பலருக்கு விலக்கு. இங்கு எழுத்துக்களை வெட்டிய கத்தி தமிழனுடையதே. பின்னாளில் ஒடுக்கப்பட்ட மக்கள் முழுப்பெயரைத் தாமே சூடிக்கொண்டபோது, அந்த எழுத்து மாற்றம் விடுதலையின் அடையாளமாயிற்று.

இது நமக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. துண்டாடப்பட்ட போலந்தின் ரசியப் பகுதியில் 1868 முதல் குடிப்பதிவேடுகள் ரசிய மொழியிலேயே எழுதப்பட்டன. அந்நாட்டுக் குடும்பப்பெயர்களும் ஆள்வோர் எழுத்துக்குள் உருமாறின.

1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1995 ஒக்டோபரில் குடாநாட்டு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது எத்தனையோ வீட்டுப் பத்திரங்கள் கைவிடப்பட்டன. புலம்பெயர்ந்த நாடுகளிலோ தந்தையின் பெயர் குடும்பப்பெயராக உறைந்துவிடுகின்றது. எஞ்சியுள்ள பதிவுகளைத் திரட்டும் ஆசிரியரும் மாணவரும் ஒரு பெயரின் எல்லா வடிவங்களையும், அவை எழுதப்பட்ட ஆண்டோடும் அலுவலகத்தோடும் சேர்த்துக் குறித்து வைக்கவேண்டும். ‘சரியான’ வடிவம் என ஒன்றைத் தெரிந்து ஏனையவற்றை அழித்தோமாயின், யார் யாரை எவ்வாறு அழைத்தனர் என்ற சாட்சியையும் அழித்தவராவோம். கந்தனும் கந்தசாமியும் ஒரே மனிதனே என்று ஏட்டில் நிலைநாட்டுவது நாம் அவனுக்குச் செலுத்தவேண்டிய கடன்.