ஆளெடுப்பில் அறிதிறன் மறுதேர்வு: உயரும் மதிப்பெண் எதைக் காட்டுகிறது?

வேலைக்கு ஆளெடுக்கும் அறிதிறன் தேர்வை இரண்டாம் முறை எழுதுபவர் பெரும்பாலும் கூடுதல் மதிப்பெண் பெறுகிறார். சில மாதங்களில் அவருடைய அறிதிறன் வளர்ந்துவிட்டதா? இல்லையெனில், அந்தக் கூடுதலை நம்பி வேலை கொடுப்பது முறையா? இந்திய விமானப்படையின் விமானி தகுதித் தேர்வை வாழ்நாளில் ஒருமுறைதான் எழுதலாம் என்பது நெடுங்காலமாக இருந்த விதி. மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் (எஸ்.எஸ்.சி.) நுண்ணறிவு வினாக்களையோ வயது வரம்புக்குள் மீண்டும் மீண்டும் எழுதலாம். இவ்விரு நெறிகளும் சிக்கலின் மையத்தைத் தொடவில்லை. மறுமுறை எழுதுபவருக்குக் கிடைப்பது பெரிதும் பழக்கத்தின் பலன். அதை அவரிடமிருந்து பறிப்பதைவிட, முதன்முறை எழுதுபவருக்கும் கிடைக்கச் செய்வதே நியாயம் என இக்கட்டுரை வாதிடுகிறது.

உயர்வின் அளவு ஓரளவு தெளிவாகவே தெரியும். ஹவுஸ்னெக்ட் குழுவினர் 2007இல் 50 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். அவற்றில் பங்கேற்றோர் 1,34,436 பேர். மறுமுறை எழுதியபோது மதிப்பெண் சராசரியாக 0.26 திட்ட விலக்கம் உயர்ந்தது. அதே வினாத்தாள் திரும்ப வந்தபோதும், பயிற்சி வகுப்பு சேர்ந்தபோதும் உயர்வு இன்னும் பெரிதாக இருந்தது. மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலில் அமைவதாகக் கொண்டால், நூறு பேரில் நடுவில் நின்றவர் இந்த உயர்வால் ஏறத்தாழ நாற்பதாம் இடத்துக்கு வருவார். முதல் 10 விழுக்காட்டினரை எடுக்கும் வெட்டுமதிப்பெண்ணை மறுதேர்வர்களில் 15 விழுக்காட்டினர் தாண்டுவர். ஒரு விழுக்காட்டினருக்கே இடம் என்றால், தாண்டுவோர் ஏறக்குறைய இருமடங்காவர். போட்டி கடுமையாகக் கடுமையாக, சிறு உயர்வும் தீர்ப்பை மாற்றுகிறது.

இவ்வுயர்வு ஒரே பொருளால் ஆனதன்று. குறைந்த மதிப்பெண் பெற்றவரே மறுபடி எழுத வருவதால், முதல்நாள் தற்செயலாக நேர்ந்த சரிவு மறுமுறை தானே நேராகிவிடுகிறது. இது புள்ளியியல் விளைவு மட்டுமே. வினா வகையும் நேரப் பங்கீடும் பழகிவிடுவது இன்னொரு பகுதி. மறுதேர்வு மதிப்பெண்ணில் பொது நுண்ணறிவின் பங்கு குறைந்து நினைவாற்றலின் பங்கு கூடுகிறது என லீவன்ஸ் குழுவினர் 2007இல் காட்டினர். மறுதேர்வைத் தடுப்போருக்கு இதுவே வலுவான சான்று.

ஆனால் முதல் மதிப்பெண் மட்டும் கலப்பற்றதா? அதில் பழக்கமின்மை கலந்திருக்கிறது. கட்டணம் கட்டிப் பயிற்சி மையத்தில் பத்து மாதிரித் தேர்வு எழுதிவிட்டு வருபவர், பதிவேட்டில் முதல் முயற்சியாளர்; உண்மையில் அவர் பலமுறை எழுதியவர். ஒரே வாய்ப்பு என்னும் விதி அவரைத் தொடுவதில்லை. மாதிரித்தாளையே பார்த்திராதவரைத்தான் வெளியே நிறுத்துகிறது. மறுதேர்வு எழுதி வந்தவர் பணியில் சோடைபோவார் என்பதற்கும் ஆதாரம் குறைவு. அமெரிக்கக் காவல்பணிக்கு விண்ணப்பித்த 4,726 பேரை ஆராய்ந்த 2002ஆம் ஆண்டு ஆய்வில், அதிக முறை எழுதி உள்ளே வந்தவர்கள் பயிற்சியில் நன்றாகச் செய்தனர். பணியைவிட்டு விலகும் வாய்ப்பும் அவர்களிடம் குறைவாக இருந்தது. இது அறிதிறன் கூடியதைக் காட்டவில்லை. விடாமுயற்சியையும் பணியின்மேல் உள்ள பற்றையும் காட்டலாம். ஆளெடுப்பவருக்கு அவையும் வேண்டியவையே.

அமெரிக்க அரசின் 1978ஆம் ஆண்டு ஆளெடுப்பு நெறிமுறைகள் மறுதேர்வுக்கு நியாயமான வாய்ப்பளிக்கச் சொல்கின்றன. அது தேவையே, போதுமானதன்று. பழக்கத்தின் பலன் மூன்றாம் முறைக்குப் பின் பெரிதாக வளர்வதில்லை என்று ஷார்ஃபென் குழுவினரின் 2018 தொகுப்பாய்வு கூறுகிறது. அப்படியானால் இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை எல்லோருக்கும் இலவசமாக, கட்டாயமாகத் தந்துவிட்டால், முதன்முறையாளருக்கும் மறுமுறையாளருக்கும் இடையிலான தூரம் பெரிதும் சுருங்கும். அதனுடன் மறுதேர்வுக்கு இணையான வேறு வினாத்தாளும் போதிய இடைவெளியும் வேண்டும்.

வினா வகையை வெளியிட்டால் தேர்வின் கூர்மை மழுங்கும் என்பர். எல்லோருக்கும் வடிவம் தெரிந்ததுமே பணித்திறனை முன்னறியும் ஆற்றலை ஒரு தேர்வு இழக்குமானால், அது அதுவரை அளந்தது அறிதிறனை அன்று; யாருக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதைத்தான். அத்தகைய தேர்வுக்கு மறுதேர்வு விதி தேவையில்லை; மாற்றுத் தேர்வே தேவை.