இணைப்பு என்னும் ஒற்றைச் சொல்

திருவிதாங்கூர் இந்தியாவுடன் இணைந்த வரலாறு பெரும்பாலும் வெட்டுச் சம்பவமாகவே நினைவுகூரப்படுகிறது. 1947 ஜூலை 25 அன்று, திருவனந்தபுரத்து இசை விழா ஒன்றில் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரை கே.சி.எஸ். மணி வெட்டினார், ஜூலை 30 அன்று மகாராஜா சித்திரைத் திருநாள் தம் இசைவைத் தந்தி மூலம் மவுண்ட்பேட்டனுக்குத் தெரிவித்தார். மேடைக்கு வராத வி.பி. மேனன் இக்கதையில் அடிக்குறிப்பாகிவிடுகிறார்.

ஒற்றப்பாலத்தில் பிறந்து, எழுத்தராகப் பணி தொடங்கி, சமஸ்தானத் துறையின் செயலாளராக உயர்ந்தவர் மேனன். அவருடைய இராஜதந்திரத்தின் சூட்சுமம், கேட்டதன் சிறுமையில் இருந்தது. பாதுகாப்பு, வெளியுறவு, போக்குவரத்துத் தொடர்பு ஆகிய மூன்று மட்டுமே கேட்கப்பட்டன. முதல் இரண்டும் பிரிட்டிஷார் காலத்திலேயே மன்னர்களின் கையில் இல்லாதவை! வருங்கால அரசியலமைப்பை ஏற்கும் கட்டாயம் இல்லை, மன்னரின் இறைமைக்குக் குறைவில்லை என்றும் ஆவணமே உறுதியளித்தது. ஜூன் 11 அன்று தனி நாட்டை அறிவித்து, பாகிஸ்தானுக்குப் பிரதிநிதியையும் நியமித்த சி.பி., வெட்டுப்படுவதற்குச் சில நாள் முன்பு டெல்லியில் மவுண்ட்பேட்டனையும் மேனனையும் சந்தித்து, வைஸ்ராயின் கடிதத்துடன் திரும்பியிருந்தார். அசைவு அப்போதே தொடங்கிவிட்டது என்பது என் வாசிப்பு.

எனினும் மென்மையான அப்பேச்சுக்கு எடை தந்தவர்கள் அறைக்கு வெளியே இருந்தனர். 1946 அக்டோபரில் புன்னப்புராவிலும் வயலாரிலும் சுடப்பட்ட தொழிலாளர்கள், திவானின் 'அமெரிக்க மாதிரி' அரசியலமைப்பை எதிர்த்தவர்கள். அவர்களின்றி டெல்லியின் சொல்லுக்கு இங்கே செவி கிடைத்திருக்குமா?

மொழியியல் பயின்றவளுக்கு உறுத்துவது வேறொன்று. ஆங்கில ஆவணங்கள் 'அக்சஷன்', 'இன்டகிரேஷன்' எனப் பிரித்து வைத்த இரண்டையும் நாம் 'இணைப்பு' என்றே எழுதுகிறோம். முன்னதைச் 'சேர்க்கை' என்றும் பின்னதை 'ஒன்றிப்பு' என்றும் வேறுபடுத்தினால்தான் இடைவெளி புலப்படும்: முதலில் மூன்று துறைகள், 1947 செப்டம்பரில் பொறுப்பாட்சிப் பிரகடனம், 1949 ஜூலை 1 அன்று கொச்சியுடன் ஒன்றிப்பு. 1947இல் தரப்பட்ட உறுதிமொழிகளில் எஞ்சியவை ராஜப்பிரமுகர் என்னும் பதவியும் மன்னர் மானியமும். 1956இல் வெளிவந்த தம் நூலின் தலைப்பில் மேனன் வைத்த சொல்லும் 'இன்டகிரேஷன்'தான்.