எல். சுப்பிரமணியம்

லட்சுமிநாராயண சுப்பிரமணியம் (பிறப்பு: 23 ஜூலை 1947) கர்நாடக வயலின் கலைஞர், இசையமைப்பாளர். சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தந்தை வி. லட்சுமிநாராயணா அங்கு வயலின் கற்பித்துவந்தார். தாய் சீதாலட்சுமியும் இசை அறிந்தவர். அண்ணன் எல். வைத்தியநாதன், தம்பி எல். சங்கர் இருவரும் வயலின் கலைஞர்களே.

ஐந்து வயது நிறைவதற்கு முன்பே சுப்பிரமணியத்தின் பயிற்சி தொடங்கியது. ஆறு வயதில் முதல் கச்சேரி. இச்சிறுவனின் திறமையைப் பற்றிப் பேசும்போது, அதற்குப் பின்னால் இருந்த தந்தையின் நோக்கத்தையும் சேர்த்தே பேசவேண்டும். அக்காலத்துக் கர்நாடகக் கச்சேரியில் வயலின் பெரும்பாலும் பக்கவாத்தியம். பாடகர் ஒரு சங்கதி பாடினால் அதை நிழல்போலத் தொடர்வதும், ஆலாபனையில் தன் முறை வரும்போது சுருக்கமாக வாசித்துவிட்டு ஒதுங்குவதும் வயலின்காரரின் வேலை. லட்சுமிநாராயணா வயலினை மேடையின் நடுவில் அமர்த்த விரும்பினார். இரு கைகளுக்கும் தனித்தனியே கடும் பயிற்சி கொடுத்துப் பிள்ளைகளை அதற்கென்றே தயார்செய்தார். சகோதரர்கள் மூவரும் சேர்ந்து வாசித்த கச்சேரிகள் அந்த உழைப்பின் முதல் விளைச்சல்.

இலங்கைத் தமிழருக்கு வயலின் இரண்டு வழிகளில் அறிமுகம். மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் தங்கள் திருமண வீடுகளில் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலின் வாசிப்பார்கள்; அங்கே அது ஐரோப்பியர் வழிவந்த வாத்தியம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் பாலுசுவாமி தீட்சிதர் முதலானோர் கைக்கு வந்து, சம்மணமிட்டு அமர்ந்து, தலைப்பகுதியை வலது பாதத்தில் ஊன்றி, விரலைத் தந்தியில் வழுக்கிக் கமகம் பிடிக்கும் முறைக்கு மாறியது மற்றொன்று. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் கற்பித்தது இந்த இரண்டாவது முறை. எனினும் ஐரோப்பிய வாசிப்பிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டியது உண்டு என்ற எண்ணம் அவர் பிள்ளைகளின் பிற்கால இசை முழுவதிலும் தெரிகிறது.

1958இல் இலங்கையில் தமிழருக்கு எதிராக வெடித்த வன்முறை இக்குடும்பத்தை யாழ்ப்பாணத்திலிருந்து கிளப்பியது. அவர்கள் சென்னைக்கு வந்தபோது சுப்பிரமணியத்துக்கு வயது பத்தோ பதினொன்றோ. சென்னையில் அவர் செம்பை வைத்தியநாத பாகவதர் போன்ற மூத்த வித்வான்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவராகப் பதிவும் செய்துகொண்டார். ஆனால் இசையை விட மனமில்லை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்று கலிபோர்னியா கலைக் கழகத்தில் மேற்கத்திய இசையில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

1974இல் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நடத்திய இசைச் சுற்றுப்பயணத்தில் இவர் பங்கேற்றார். பின்னர் ஜாஸ் வயலின் மேதை ஸ்டெஃபான் கிராப்பெல்லி, யெஹூதி மெனுஹின் ஆகியோருடன் வாசித்தார். முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இவர் எழுதிய ‘ஃபேண்டஸி ஆன் வேதிக் சாண்ட்ஸ்’ படைப்பை 1985இல் சுபின் மேத்தா தலைமையில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைத்தது. இப்படைப்பை இவர் வாழ்க்கையின் உச்சம் என்றே கூறலாம். ஆர்க்கெஸ்ட்ராவில் ஒவ்வொருவரும் தாளில் எழுதியதை அப்படியே வாசிக்க வேண்டும். ராகமோ கமகத்திலும் மனோதர்மத்திலும் உயிர்வாழ்வது. இரண்டையும் ஒரே மேடையில் ஏற்றும்போது ராகம் நசுங்கிவிடாமல் காப்பதுதான் கடினம். மீரா நாயரின் ‘சலாம் பாம்பே’ (1988), ‘மிசிசிப்பி மசாலா’ (1991) படங்களுக்கும் இவரே இசை.

அண்ணன் வைத்தியநாதன் ‘ஏழாவது மனிதன்’ படத்தின் பாரதி பாடல்களாலும் ‘மால்குடி டேஸ்’ தொடரின் இசையாலும் அறியப்படுபவர்; 2007இல் காலமானார். தம்பி சங்கர், ஜான் மெக்லாஃப்லினின் ‘சக்தி’ குழுவில் வாசித்தவர்.

தந்தை மறைந்தபின், 1992 முதல் அவர் பெயரில் லட்சுமிநாராயணா உலக இசை விழாவைச் சுப்பிரமணியம் நடத்திவருகிறார். முதல் மனைவி விஜி 1995இல் காலமானார். 1999இல் பின்னணிப் பாடகி கவிதா கிருஷ்ணமூர்த்தியை மணந்தார். மகன் அம்பியும் வயலின் கலைஞர்.

நியூயார்க் மேடையைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு இவருடைய யாழ்ப்பாண ஆண்டுகளைப் பற்றி எழுதப்படவில்லை. ஈழத்து இசை வரலாற்றை எழுதுவோர் லட்சுமிநாராயணாவின் வகுப்பறைக்கு அதில் ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும்.

இந்திய அரசு இவருக்கு 1988இல் பத்மஸ்ரீ, 2001இல் பத்மபூஷண், 2025இல் பத்மவிபூஷண் விருதுகளை வழங்கியது.