நூலுக்கு வந்த குளிர்

எங்கள் வீட்டில் ஒரு மாதமாக ஒரே பேச்சு. ஏ.சி. எல்லா அறைக்கும் போடுவதா, ஒரு அறைக்கு மட்டுமா? ராஜபாளையத்தில் ஹீட்டர் பற்றிக் கவலையில்லை, வெயில்தான் பிரச்சினை. சரி என்று கொஞ்சம் வரலாற்றைப் புரட்டினேன்.

ஏ.சி. முதலில் மனிதனுக்காக வரவில்லை நண்பர்களே! 1902ல் வில்லிஸ் கேரியர் அதை வடிவமைத்தது நியூயார்க்கில் ஒரு அச்சகத்துக்காக. ஈரப்பதம் மாறியதால் காகிதம் சுருங்கி விரிந்து, வண்ணங்கள் விலகிப் பதிந்தன. 1906ல் 'ஏர் கண்டிஷனிங்' என்று பெயர் வைத்த ஸ்டூவர்ட் கிராமர் ஒரு பஞ்சாலை என்ஜினியர். காற்று வறண்டால் பருத்தி நூல் அறுந்துவிடும்.

1936ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியபின் நம்மூரும் நூல் ஊரானது. பஞ்சாலையில் நூற்புக்கு ஒரு ஈரப்பதம், தறிக்கு அதைவிட அதிகம். பகுதிக்குப் பகுதி தனிக் காற்று! ஒரே வெளி யூனிட்டில் பல அறைகளைத் தனித்தனியாகக் குளிர்விக்கும் வி.ஆர்.வி. முறையை ஜப்பானின் டைகின் கொண்டுவந்தது 1982ல்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பாட்டி வீட்டில் காற்று மாறாது, மனிதர்கள்தான் இடம் மாறுவார்கள். பகலில் உள்ளறை, மாலையில் திண்ணை, இரவில் முற்றம். இப்போது பாட்டி எங்களோடு இருக்கிறார், கட்டிலை விட்டு எழ முடியாது.

அப்பாவுக்கு நான்கு அறைக்கும் ஒரே யூனிட் ஆசை. அது பழுதானால் நான்கும் நிற்கும், ஆளில்லாத அறைக்கும் முதல் போட வேண்டும். காமர்ஸ் படிப்பவன் கணக்கு இதுதான்: ஒரு இன்வெர்ட்டர் ஏ.சி., பாட்டி அறைக்கு. இடம் மாற முடிந்த நாங்கள் மாறிக்கொள்கிறோம்.