தலைப்பாகைக்கு வந்தது தலையோடு போனது: வேலூர், 1806

நான் இன்ஜினியரிங் படிச்சது வேலூர் பக்கம். நாலு வருஷத்தில் அந்தக் கோட்டையை நூறு தடவையாவது தாண்டிப் போயிருப்பேன். செமஸ்டர் முடிந்த சாயங்காலம் அகழிக்கரையில் உட்கார்ந்து அரட்டை, அப்புறம் பிரியாணி. எனக்கும் அந்தக் கோட்டைக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். உள்ளே நடந்த சம்பவம் ஸ்கூலில் படித்த இரண்டு மார்க் கேள்வி. "வேலூர்க் கலகத்துக்கு உடனடிக் காரணம் என்ன?" பதில்: புதிய தலைப்பாகை.

மார்க் வாங்கியாச்சு. ஆனா அந்தப் பதில் பின்னாடி ரொம்ப நாள் உறுத்தியது. ஒரு தொப்பிக்காகவா மனுஷன் உயிரைக் கொடுப்பான்? அதுவும் மாதச் சம்பளம் வாங்குகிற ஒரு சிப்பாய்? இன்னைக்கு எபிசோட் அதைப் பற்றித்தான்.

முதலில் அந்தச் சிப்பாய் யாருன்னு பார்ப்போம். கிழக்கிந்திய கம்பெனியின் மதராஸ் படையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணின் ஆட்கள். தமிழ் பேசுபவர்கள், தெலுங்கு பேசுபவர்கள், இந்துக்கள், முஸ்லிம்கள். உடம்பில் வெள்ளைக்காரன் மாதிரியே சிவப்புக் கோட்டு. கையில் மஸ்கட் துப்பாக்கி. குடும்பம் கோட்டைக்கு வெளியே குடிசையில். எவ்வளவு திறமை இருந்தாலும் ஏற முடிந்த உச்சி சுபேதார் பதவி. இருபது வருஷம் சண்டை பார்த்த சுபேதார்கூட, நேற்று கப்பலில் வந்து இறங்கிய இங்கிலீஷ் பையன் அதிகாரியாக நின்றால் சல்யூட் அடிக்கணும்.

இதையெல்லாம் அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். கோட்டு மாறியது, ஆயுதம் மாறியது, டிரில் மாறியது. தலையில் இருந்தது மட்டும் தலைப்பாகையாகவே இருந்தது. நம்ம ஊரில் தலைப்பாகை வெறும் துணி இல்லைன்னு உங்களுக்கே தெரியும். கோயிலில் ஒருத்தருக்கு மரியாதை செய்யணும்னா என்ன செய்றாங்க? தலையில் பரிவட்டம் கட்டுறாங்க. பெரியவர் முன்னாடி போனா தலைத்துண்டு இடுப்புக்கு இறங்கும். ஒரு ஆள் என்ன மதம், என்ன சாதி, எவ்வளவு மதிப்பு என்பதைப் பேசாமலே சொன்ன இடம் தலைதான்.

1805 நவம்பரில் மதராஸ் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடாக் காலத்தில் புது மாடல் தலைப்பாகை ஒன்று அறிமுகமாகிறது. பேரில் மட்டும்தான் அது தலைப்பாகை. பார்க்க வட்டத் தொப்பி மாதிரி இருக்கும். முன்னால் தோலில் செய்த ஒரு அலங்காரப் பட்டை. அந்தத் தோல் மாட்டுத் தோலா, பன்றித் தோலா? யாரும் விளக்கம் சொல்லவில்லை. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒரே நேரத்தில் சந்தேகம் வர அது போதும்.

இன்னொரு விஷயம். அன்றைக்குத் தமிழில் "தொப்பிக்காரன்" என்றால் ஐரோப்பியன் என்று அர்த்தம். படையில் அந்த மாதிரித் தொப்பி போட்டது வெள்ளைக்காரர்களும், கிறிஸ்தவர்களான பறையடிக்கும் ஆட்களும். அந்தத் தொப்பியோடு ஒருத்தன் ஊருக்குப் போனால் என்ன ஆகும்? "மதம் மாறிட்டான்" என்ற பேர்தான் முதலில் வரும். அப்புறம் அவன் வீட்டில் யார் கை நனைப்பார்கள்? அவன் பெண்ணை யார் கட்டுவார்கள்? சிப்பாய் பயந்தது தொப்பிக்கு இல்லை. தொப்பி போட்ட பிறகு தன்னை ஊர் எந்தப் பேரில் கூப்பிடும் என்பதற்கு.

இதோடு புதிய விதிப்புத்தகத்தில் ஒரு சின்னப் பத்தியும் வந்தது. யூனிஃபார்மில் இருக்கும்போது நெற்றியில் சாதி அடையாளம் கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடையை மழிக்க வேண்டும். மீசை முடிந்த அளவு எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். திருநீறும் நாமமும் போச்சு, தாடியும் போச்சு. ஒரே பத்தியில் எல்லாரையும் சேர்த்துக் கையை வைத்துவிட்டார்கள்.

சரி, எதிர்ப்பே வரலையா? வந்தது. என்னை உட்கார வைத்த இடம் இதுதான்.

1806 மே மாதம் வேலூரில் இருந்த ஒரு பட்டாளத்தின் சிப்பாய்கள் தொப்பியைப் போட மாட்டோம் என்று நேரடியாக மறுத்தார்கள். துப்பாக்கி தூக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. மறுத்தார்கள், அவ்வளவுதான். பதிலுக்கு ராணுவ விசாரணை வந்தது. ஒரு இந்து, ஒரு முஸ்லிம், இரண்டு பேருக்குச் சவுக்கடி, வேலை நீக்கம். இன்னும் 19 பேருக்கும் சவுக்கடித் தண்டனை விதித்து, மன்னிப்புக் கேட்ட பிறகு விட்டார்கள். அந்தப் பட்டாளத்தை ஊர் மாற்றினார்கள். பிரச்சினை முடிந்தது என்று ஃபைலை மூடினார்கள்.

ஜூனில் இரண்டாவது எச்சரிக்கை. முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் அதிகாரி கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், கோட்டைக்குள் சதி நடக்கிறது என்று சொன்னார். ஃபோர்ப்ஸ் அதை விசாரிக்கச் சொன்னது யாரிடம்? இந்திய அதிகாரிகளிடமே. அதில் சதியில் இருந்தவர்களும் உண்டு. "இவனுக்குப் பைத்தியம்" என்று அவர்கள் சொன்னார்கள். முஸ்தபா பேக்கை அடைத்து வைத்தார்கள். புரொடக்ஷனில் அலர்ட் அடிக்குது, நாம அலர்ட்டை மியூட் பண்ணிட்டுத் தூங்கப் போறோம். அதே கதை.

ஜூலை 9. கோட்டைக்குள் அரண்மனையில் திப்பு சுல்தானின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். 1799இல் திப்பு இறந்த பிறகு அவர் குடும்பத்தை இங்கேதான் வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் கவாத்து என்பதால் சிப்பாய்கள் பலர் அன்று ராத்திரி கோட்டைக்குள்ளேயே தங்கினார்கள்.

ஜூலை 10, விடியறதுக்கு முன்னாடி துப்பாக்கிச் சத்தம் ஆரம்பித்தது. உள்ளே சுமார் 1,500 இந்தியச் சிப்பாய்கள். பிரிட்டிஷ் 69ஆவது ரெஜிமென்ட்டில் 400க்கும் குறைவான ஆட்கள். பாரக்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது குண்டு பாய்ந்தது. 14 அதிகாரிகளும் 69ஆவது ரெஜிமென்ட்டின் 115 வீரர்களும் செத்தார்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டும் அதில் ஒருவர். தூக்கத்தில் செத்தவர்களில் எத்தனை பேர் அந்தத் தொப்பி உத்தரவைப் படித்திருப்பார்கள்? இதைச் சொல்லாமல் வீரக்கதை மட்டும் சொல்ல எனக்கு மனசு வரலை.

கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. ஆனால் பிடித்த கோட்டையைக் காக்க ஏற்பாடு இல்லை. பலர் சூறையாடலில் இறங்கினார்கள். வெளியே இருந்த ஒரு அதிகாரி 25 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். அங்கிருந்து ராலோ கில்லெஸ்பி குதிரைப்படையோடு காலையிலேயே வந்து சேர்ந்தார். மதில் மேல் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த வெள்ளை வீரர்கள் அவரைக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். பிறகு பீரங்கி வந்து கதவை உடைத்தது. அப்புறம் நடந்தது சண்டை இல்லை, வேட்டை. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த 100 சிப்பாய்களை வெளியே கொண்டுவந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அன்று செத்த சிப்பாய்கள் சுமார் 350 பேர். பின்னால் விசாரணை நடத்தி, ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். மூன்று பட்டாளங்களையும் கலைத்தார்கள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்போம். வேலூரில் அது தலைகீழாக நடந்தது.

தொப்பி மட்டும்தான் காரணமா? இல்லை. திப்பு குடும்பத்தின் பங்கு என்ன என்று இன்றும் விவாதம் உண்டு. சம்பளம், பதவி, அவமானம் எல்லாம் சேர்ந்து காய்ந்த சருகாகக் கிடந்தது. ஆனா யோசிச்சுப் பாருங்க. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும், ஹவில்தாருக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே நாளில் ஒரே மாதிரி புரிந்த அவமானம் அந்தத் தொப்பிதான். மற்றதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும்.

கடைசியில் என்ன ஆச்சு? உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். கிராடாக்கையும் மதராஸ் கவர்னர் வில்லியம் பென்டிங்கையும் லண்டன் திருப்பி அழைத்தது. முஸ்தபா பேக்கை வெளியே விட்டு, 2,000 பகோடா பணமும் சுபேதார் பென்ஷனும் கொடுத்தார்கள். பென்டிங்க் 1828இல் கவர்னர் ஜெனரலாகவே இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். சதி சடங்கை ஒழித்தவர் என்று நாம் படிக்கும் அதே பென்டிங்க்தான். அவருக்கு இரண்டாவது சான்ஸ் கிடைத்தது. சுவரோரம் நின்றவர்களுக்கு அது இல்லை.

ஜூலையில் அவ்வளவு ரத்தத்துக்குப் பிறகு கொடுத்ததை மே மாதத்திலேயே கொடுத்திருக்கலாம். அதற்கு ஒரு காசு செலவில்லை. பழைய தலைப்பாகை ஒவ்வொருத்தர் வீட்டிலும் இருந்தது.

அடுத்த தடவை வேலூர் போனா, பிரியாணிக்கு முன்னாடி ஒரு அரைமணி நேரம் உள்ளே போயிட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.